அம்மா சுத்த சைவம்: ஹனியாவில் என்ன சாப்பிடுவார்?

கேள்வி: 2027 ஏப்ரல் 24 முதல் ஐந்து நாள் அம்மாவை அழைத்துக்கொண்டு கிரேக்கத்தின் கிரீட் தீவிலுள்ள ஹனியாவுக்குப் போகிறேன். அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் படித்துத்தான் ஊரையே தேர்ந்தெடுத்தேன். ஆனால் அம்மா சுத்த சைவம். பால், தயிர் உண்டு, முட்டை கூடாது. வயது 67. ரொட்டியும் வாழைப்பழமுமாக நாட்களை ஓட்ட வேண்டியிருக்குமா? இன்னும் சில நாள் தங்கி அங்கே ஈஸ்டரையும் பார்க்கலாமா? (கோவை வாசகி)

பதில்: ஓட்ட வேண்டியதில்லை. நீங்கள் குறித்திருக்கும் தேதிகள் அம்மாவுக்கு மிகவும் தோதானவை. நம் காலண்டரில் 2027 ஈஸ்டர் மார்ச் 28. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் கணக்கு வேறு. அவர்களுக்கு அது மே 2. அதற்கு முன், மார்ச் 15இல் தொடங்கும் பெரிய நோன்பில் இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய், சீஸ் எல்லாமே விலக்கு. முழுக் காலமும் எல்லாரும் கடைப்பிடிப்பதில்லை. ஆனால் கடைசி வாரத்தில் கடைப்பிடிப்பவர்கள் அதிகம். பேக்கரி முதல் உணவகம் வரை அவர்களுக்கென்று தனியாகச் சமைப்பார்கள். நீங்கள் அந்த நேரத்தில்தான் அங்கே இருப்பீர்கள்.

அதனால் போனதும் "வெஜிடேரியன்" என்று கேட்காதீர்கள். "நிஸ்தீசிமோ" என்று கேளுங்கள். நோன்புக்கு ஏற்ற சாப்பாடு என்று பொருள். வெஜிடேரியன் என்பது அவர்களுக்கு வெளியூர்க்காரர்களின் வார்த்தை. கறித்துண்டு இல்லையென்றால் போதும் என்று நினைத்துக் கறி வேகவைத்த தண்ணீரில் செய்ததைக் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு. நிஸ்தீசிமோ அப்படி இல்லை, அவர்கள் பாட்டி காலத்திலிருந்து வரும் வார்த்தை. மாவில் முட்டை சேர்ந்திருக்கிறதா, வெண்ணெய் பட்டதா என்பதுவரை அந்த ஒரு சொல்லிலேயே அடங்கிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் நோன்புக் கணக்கில் ரத்தம் இல்லாத உயிர்கள் விலக்கல்ல. கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் நோன்புச் சாப்பாடுதான். கிரீட்டில் நத்தையும் அப்படியே. அதற்கு அங்கே "ஹோஹ்லி" என்று பெயர். இளஞ்சிவப்பாக, ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி போல வரும் தரமோசலாத்தா மீன்முட்டையில் செய்வது. ஆகவே நிஸ்தீசிமோவோடு "ஹோரிஸ் தலசினா" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் உணவு இல்லாமல் என்று பொருள். இரண்டையும் கிரேக்க எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, தங்கும் இடத்தில் ஒருமுறை சரிபார்த்து அம்மாவின் கைப்பையிலும் ஒன்று வைத்துவிடுங்கள். நீங்கள் சேரும் மறுநாள், 25ஆம் தேதி, குருத்தோலை ஞாயிறு. அன்று மீனுக்கும் அனுமதி உண்டு. அந்த ஒரு நாள் கூடுதலாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, என்ன சாப்பிடுவது? முதலில் தேட வேண்டியது "லதேரா". லாதி என்றால் எண்ணெய். காய்கறியைத் தக்காளியோடு ஆலிவ் எண்ணெயில் நிதானமாக வேகவைத்த பதார்த்தங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பொதுப்பெயர். பீன்ஸில் செய்தால் பசோலாக்கியா. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சீமைச் சுரைக்காய் எல்லாம் சேர்த்து அடுப்பில் வாட்டினால் பிரியாம். பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறு தக்காளியில் வெந்தால் யிகாந்தேஸ். அம்மாவுக்கு உடனே பிடிக்கப்போவது ஃபாவா. மஞ்சள் பருப்பைக் குழைய வேகவைத்து, மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். நம் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம், காரமும் தாளிப்பும்தான் இருக்காது. தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்துச் சுடும் யெமிஸ்தாவைக் கேட்கும்போது "ஒர்ஃபனா" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அநாதை என்று அர்த்தம், கொத்துக்கறி இல்லாததற்கு அந்தப் பெயர். திராட்சை இலையில் அரிசி சுற்றிய தோல்மாவுக்கு "யலன்ஜி". பொய் சொல்பவன் என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. கறி இருப்பது போல் ஏமாற்றுகிறதாம்!

கிரீட்டின் தனிச்சொத்து ஹோர்தா, அதாவது மலையில் பறித்த காட்டுக்கீரைகள். வேகவைத்து எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் விட்டுத் தருவார்கள். முட்செடியோடு வளரும் ஸ்தம்னகாத்தி கிடைத்தால் விடவேண்டாம். லேசாகக் கசக்கும், அகத்திக்கீரை பழகிய நாக்குக்கு அது தொந்தரவே இல்லை.

இவற்றைப் பளபளப்பான துறைமுக உணவகங்களில் தேடாதீர்கள். வெனீசியர் கட்டிய பழைய துறைமுகம் மாலையில் நடக்க அருமையான இடம், ஆனால் சாப்பாட்டுக்கு உள்ளே தள்ளிப் போங்கள். ஸ்ப்லான்சியா சதுக்கத்துப் பக்கம் போகலாம். மணிக்கூண்டும் மசூதிக் கோபுரமும் ஒரே கட்டடத்தில் நிற்கும் புனித நிக்கோலாஸ் தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. "மயிரியோ" என்று சொல்லும் சின்னச் சமையல் கடைகளில் காலையில் சமைத்துத் தட்டுகளில் வைத்திருப்பார்கள். உள்ளே போய்ப் பார்த்து, கையைக் காட்டிக் கேட்பது அங்கே சகஜம். மதியம் ஒன்றரைக்குள் போய்விடுங்கள், நல்லது சீக்கிரம் தீரும். இந்த லதேரா வகைகளைச் சூடாறிய பிறகுதான் பரிமாறுவார்கள். சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகிய அம்மாவுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஆறிப்போனதைத் தருகிறார்களே என்று மனம் வருந்த வேண்டாம்.

பால் உண்டு என்கிறீர்கள். அப்படியானால் நோன்புக்கு வெளியே உள்ளவையும் திறந்திருக்கின்றன. தண்ணீரில் நனைத்த பார்லி ரஸ்க் மேல் துருவிய தக்காளியும் மிஸித்ரா சீஸும் போட்ட தாகோஸ், சீமைச் சுரைக்காயும் உருளையும் சீஸும் புதினாவும் அடுக்கிச் சுட்ட ஹனியா புரேக்கி, காலையில் புளிப்புச் சீஸ் மேல் சர்க்கரை தூவித் தரும் புகாட்சா. இவற்றிலும் மாவுப் பண்டங்களுக்கு முட்டை பூசுவது வழக்கம், "ஹோரிஸ் அவ்கோ" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பாலை உறைய வைக்க ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டைப் பயன்படுத்துவது அங்கே பரம்பரை வழக்கம். அம்மா அதையும் ஏற்கமாட்டார் என்றால் சீஸை விட்டுவிட்டு லதேராவோடு நின்றுகொள்ளுங்கள். அவருக்குச் சொல்லாமல் கொடுத்துவிட வேண்டாம்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது கமோபிலாஃபோ. பார்க்க வெறும் வெள்ளைச் சோறு. கல்யாண வீட்டுச் சாதம் என்று ஆசையாக எடுத்துவந்து வைப்பார்கள். ஆட்டையும் கோழியையும் வேகவைத்த சாற்றில்தான் அந்த அரிசியை வேகவைப்பார்கள். சோறு என்றதும் கை நீளும் நம்மவர்கள் தவறுவது இங்கேதான்.

ஏப்ரல் 24 சனிக்கிழமை. கிழக்குப் பக்கத்து வெனீசியக் கோட்டைச் சுவரை ஒட்டிய மினோஸ் தெருவில் சனிக்கிழமைதோறும் உழவர் சந்தை கூடும். ஆரஞ்சு, கீரை, ஆலிவ், தேன், ரஸ்க் எல்லாம் வாங்கி அறையில் வைத்துக்கொண்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்பது மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துச்செல்ல அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம்.

ஈஸ்டருக்குத் தங்கலாமா என்றால், வெள்ளி இரவுவரை தாராளமாகத் தங்குங்கள். ஏப்ரல் 30 மாலை, பூவால் அலங்கரித்த இயேசுவின் சவக்கட்டிலைத் தேவாலயங்களிலிருந்து தெருவுக்குத் தூக்கி வருவார்கள். மெழுகுவத்தி ஏந்திக்கொண்டு ஊரே பின்னால் நடக்கும், அம்மாவுக்கு அது நெருக்கமாகவே இருக்கும். சனி நள்ளிரவோடு நோன்பு முடிந்துவிடும். அந்த இரவில் ஆட்டுக் குடல் சூப், ஞாயிறு காலை முதல் முற்றங்களில் முழு ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுடுவது. புகையும் வாடையும் தெருவெல்லாம் இருக்கும், பல கடைகள் திங்கள்வரை மூடியிருக்கும். உங்களுக்கு அது பார்க்க வேண்டிய திருவிழா, அம்மாவுக்குச் சிரமம். சனிக்கிழமை பகலிலேயே ஏதென்ஸுக்கு விமானம் ஏறிவிடுங்கள், ஒரு மணிநேரம்கூட ஆகாது.

கிளம்பும் முன் ரவை ஹல்வா ஒருமுறை கேட்டு வாங்குங்கள். எண்ணெய் ஒன்று, ரவை இரண்டு, சர்க்கரை மூன்று, தண்ணீர் நான்கு என்பது வீடுகளில் சொல்லும் அளவு. பட்டையும் பாதாமும் போட்டு அச்சில் கவிழ்த்துத் தருவார்கள். பாலில்லை, முட்டையில்லை. நெய்க்குப் பதில் எண்ணெய் ஊற்றிய கேசரி என்று அம்மா முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். கூடவே சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் போல ஒன்று இலவசமாக வரும். அது திராட்சைச் சக்கையில் வடித்த சிகூதியா, நல்ல காரமான சாராயம். அம்மா தண்ணீர் என்று எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.