பின்லாந்து கிராமப்புறத்தில் தனியாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டப் போகிறவர் என்னென்ன தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒருவர் மூன்று பயங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்: கரடி, குளிர், ஆளில்லாத காடு. கோடையில் போனால் மூன்றுமே பெரிய விஷயமில்லை. உங்கள் நாள் நன்றாகப் போகுமா, நாசமாகுமா என்பதை முடிவு செய்வது வேறு இரண்டு சங்கதிகள். ஒன்று, நீங்கள் போகும் சாலையின் எண். இன்னொன்று, அடுத்த மளிகைக்கடை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது. திட்டம் போடும்போது இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சாலை. அங்கே எண்ணில் எத்தனை இலக்கம் என்று பார்த்தாலே சாலையின் குணம் தெரிந்துவிடும். சிவப்புப் பலகையில் வெள்ளை எண் என்றால் தேசிய நெடுஞ்சாலை. மஞ்சள் பலகையில் கறுப்பு எண், 40 முதல் 99 வரை, அதற்கு அடுத்த நிலை. இந்த இரண்டு வகையிலும் முடிந்தவரை ஏறாதீர்கள். சட்டப்படி மோட்டார்வே, மோட்டார் வண்டிகளுக்கு மட்டுமான சாலை ஆகியவை தவிர மற்றவற்றில் ஓட்டலாம்தான். ஆனால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே பல இடங்களில் ஒரு சாண் தார்தான் மிஞ்சும். மரம் ஏற்றிவரும் லாரிகள் 76 டன் வரை எடை, 34.5 மீட்டர் நீள வண்டிக்கும் அனுமதி உண்டு. எதிரே அப்படி ஒன்று வந்தால் காற்று முகத்தில் அறையும். பின்னாலிருந்து வந்து முந்தினால் முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். முன் பைகள் கனமாக இருந்தால் ஹேண்டில் ஆடிப்போகும்.

வெள்ளைப் பலகையில் மூன்று இலக்க எண் இருந்தால் அதுதான் உங்கள் சாலை. பெரும்பாலும் நல்ல தார், போக்குவரத்து குறைவு. நீலப் பலகையில் நான்கு, ஐந்து இலக்கம் என்றால் கிராமச் சாலை. அழகு எல்லாம் அங்கேதான் இருக்கிறது, சரளையும் அங்கேதான். அரசு பராமரிக்கும் ஏறக்குறைய 78,000 கி.மீ. சாலையில் மூன்றில் ஒரு பங்கு தார் காணாதது. இதற்கும் கீழே தனியார் சாலை, காட்டு லாரிச் சாலை என்று ஒரு வலை. சைக்கிளில் போகத் தடையில்லை. ஆனால் காட்டுச் சாலைகளில் பல, மரம் ஏற்றும் லாரி திரும்பும் வட்டத்தோடு முடிந்துவிடும். போன் காட்டும் குறுக்கு வழியை நம்பி 9 கி.மீ. போய் அதையே திரும்பி மிதிக்கக் கூடாதென்றால், அரசு நில அளவைத் துறை இலவசமாகத் தரும் வரைபடத்தில் அந்தக் கோடு மறுபக்கம் சேர்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சரளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டி கெடுவது இங்கேதான். தூசி எழாமல் இருக்க கோடைத் தொடக்கத்தில் கால்சியம் குளோரைடு உப்பைப் போடுவார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து மண்ணைக் கட்டிப்போடும். வெயிலில் சாலை சிமெண்ட் மாதிரி இறுகி, ஓட்ட அருமையாக இருக்கும். மழை பெய்தால் அதே சாலை சாம்பல் நிறக் குழம்பாகி செயின், பிரேக், டிரெய்லியர் (கியர் மாற்றும் பகுதி) இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு தட்டிவிட்டால் போதும் என்று தோன்றும், போதாது. உப்பு உள்ளே உட்கார்ந்து இரவெல்லாம் ஈரம் குடிக்கும், காலையில் செயினில் செம்பழுப்புத் துரு. அன்று மாலையே ஏரித் தண்ணீரை இரண்டு மூன்று பாட்டில் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, மழைக்கால எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டாக விடுங்கள். ஸ்போக் நிப்பிளையும் கேரியர் போல்ட்டையும் கழுவ மறக்காதீர்கள். பெட்ரோல் பங்க்கில் உள்ள பிரஷர் குழாயை மட்டும் ஹப் பக்கம் காட்டக் கூடாது, கிரீஸ் போய்விடும்.

ஏற்றத்திலும் வளைவுக்கு முன்னும் சரளை வரிவரியாக அலை போட்டிருக்கும். கார்கள் பிரேக் பிடிப்பதாலும் முடுக்குவதாலும் உண்டாவது அது. நடுவில் ஓட்டினால் பல் கிடுகிடுக்கும். ஓரத்து அரை அடியில் பெரும்பாலும் அலை இருக்காது. இந்த அதிர்வுதான் கேரியரின் எம்5 போல்ட்டுகளைக் கழற்றும். வீட்டிலேயே நீல நிற லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். அப்படியும் தினம் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள். கிரேடர் (சாலையைச் சமன்படுத்தும் வண்டி) அப்போதுதான் கீறிவிட்டுப் போன சாலை இன்னும் மோசம். மேலே தளர்ந்த கல் கிடக்கும், முன்சக்கரம் புதையும். கார் டயர் அழுத்திய தடத்தைப் பிடித்து, பிரேக்கைத் தொடாமல் மெதுவாகப் போவது ஒன்றே வழி.

ஆகவே டயர் 45 முதல் 50 மி.மீ. அகலம் வேண்டும். 32 மி.மீ. டயரோடு தாரிலேயே முழு நாட்டையும் கடக்கிறேன் என்பவர்களால் முடியும். நாட்டின் பாதியைப் பார்க்காமல் திரும்புவார்கள். 47 மி.மீ. டயரில் சுமையோடு பின்னால் 3 முதல் 3.5 பார் காற்றழுத்தம், முன்னால் அதைவிட அரை பார் குறைவு. அலைச் சரளையில் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். கியரில் ஒன்றுக்கு ஒன்றைவிடத் தாழ்ந்தது ஒன்று கட்டாயம்: முன்னால் 30 பல், பின்னால் 36 என்பது போல. பின்லாந்து தட்டை என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். மேற்கே பொஹ்யன்மா சமவெளி தட்டைதான், எதிர்காற்றும் இலவசம். கிழக்கே சவோ, வட கரேலியா பக்கம் வந்தால் 20 மீட்டர் ஏற்றம், 20 மீட்டர் இறக்கம் என்று நாள் முழுக்கத் தொடரும். ஒரு மலையும் ஏறியிருக்க மாட்டீர்கள், தொடை மட்டும் ஏறினேன் என்று சொல்லும்.

பொதுவாகக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். தெற்கே தொடங்கி வடக்கே போவது லாபம்.

நம்மூரிலும் இலங்கையிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே வலப்பக்கம். கண்ணாடியை இடது கைப்பிடியில் மாட்டுங்கள். பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ஆளில்லாச் சாலையில் நீண்ட நேரம் ஓட்டிவிட்டுக் கடை வாசலிலிருந்து கிளம்பும்போதுதான் கை தானாக இடது பக்கம் திருப்பும், அங்கே கவனம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்: 180 நாளில் 90 நாள், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு.

இனி சாப்பாடு. தெற்கிலும் நடுப்பகுதியிலும் 25 முதல் 50 கி.மீ.க்குள் ஒரு சாலே, கே-மார்க்கெட் அல்லது எஸ்-மார்க்கெட் மளிகைக்கடை வந்துவிடும். வரைபடத்தில் ஊர்ப்பெயர் இருப்பதால் கடை இருக்கும் என்று நினைக்காதீர்கள். நான்கு வீடும் ஒரு தபால்பெட்டி வரிசையும் மட்டுமே உள்ள ஊர்கள் ஏராளம். கடையின் பெயரையும் திறக்கும் நேரத்தையும் வைத்துத்தான் நாளைப் பிரிக்க வேண்டும். வடக்கே லாப்லாந்தில் இடைவெளி நீளும். ரோவனியெமியிலிருந்து சோதன்கூலா ஏறக்குறைய 130 கி.மீ., அங்கிருந்து இவாலோ 160 கி.மீ. இடையில் சிறு ஊர்கள் உண்டு என்றாலும் இரண்டு நாள் உணவு கையில் இருப்பது நல்லது. ஜூன் 19 முதல் 26க்குள் வரும் வெள்ளி, சனியில் யுஹன்னுஸ் கோடைத் திருவிழா. வெள்ளி மதியமே கிராமக் கடைகள் பூட்டத் தொடங்கிவிடும். வியாழனே வாங்கிவைத்துவிடுங்கள்.

வார நாட்களில் காலை 10:30 முதல் மதியம் 2 வரை பங்க் உணவகங்களில்கூட மதியச் சாப்பாடு வைத்திருப்பார்கள். சாலட், ரொட்டி, சூப், முக்கிய உணவு, காபி எல்லாம் ஒரே விலையில், வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்டில் சைக்கிள்காரனுக்குக் கட்டுப்படியாகும் சூடான சாப்பாடு இதுதான். சைவர்கள் வியாழக்கிழமை பட்டாணி சூப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது, வழக்கமாக அதில் பன்றி இறைச்சி இருக்கும். கடையில் கம்பு போலக் கறுத்த ரை ரொட்டி, அரிசிக்கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரம், ஓட்ஸ், வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவை எங்கும் கிடைக்கும். ஜூலை நடுவிலிருந்து காட்டில் புளூபெர்ரி. பறிக்க யாரையும் கேட்க வேண்டாம்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கடை மூடிய நேரத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத் தகாததென்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், சில இடங்களில் ஏரித் தண்ணீர் வரும்.

இரவு தங்குவது இந்த நாட்டின் பெரிய வசதி. வீடுகளிலிருந்து விலகி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், அடுத்தவர் காட்டிலும் ஓரிரு இரவு டென்ட் போட எல்லோருக்கும் உரிமை உண்டு. தேசியப் பூங்காக்களில் மட்டும் பொதுவாகக் குறித்த இடங்களில்தான் தங்க வேண்டும். நெருப்பு மூட்டுவது அந்த உரிமையில் சேராது. நில உரிமையாளர் அனுமதி வேண்டும். காட்டுத்தீ எச்சரிக்கை அறிவித்துவிட்டால் அனுமதி இருந்தாலும் கூடாது. கேஸ், ஸ்பிரிட் ஸ்டவ்வுக்குத் தடையில்லை. விமானத்தில் எரிபொருள் கொண்டுபோக முடியாது என்பதால் டிராஞ்சியா வகை ஸ்பிரிட் ஸ்டவ் வசதி. சினோல் என்ற ஸ்பிரிட் கிராமக் கடையிலும் பங்க்கிலும் கிடைக்கும். ஒருவருக்கு நாளுக்கு 100 மி.லி. கணக்கு.

ஏரிக்கரையில் டென்ட் என்ற கனவு மட்டும் ஏரி மாவட்டத்தில் எளிதில் நடக்காது, கரைகளில் கோடை வீடுகள் வரிசையாக நிற்கும். கரையை விட்டுவிட்டு பைன் காட்டு மேட்டுக்குப் போங்கள். தரை தட்டை, மணல், மழைநீர் உடனே இறங்கும். ஸ்ப்ரூஸ் காட்டில் ஈரமும் வேரும். தூரத்தில் பச்சைக் கம்பளமாகத் தெரிவது பெரும்பாலும் சதுப்பு. மணலில் மெல்லிய டென்ட் முளைகள் பிடிக்காது, அகலமான வி வடிவ முளை வேண்டும். தெற்குக் கரையோரப் பாறையில் எந்த முளையும் இறங்காது. தானாக நிற்கும் டென்ட் உதவும். மூன்று பக்கம் மூடிய மரக் குடில்கள் பல இடங்களில் இலவசம். அரசு வன நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் அவை இருக்கின்றன.

கிழக்கு எல்லையை ஒட்டிய யூரோவெலோ 13 என்ற நெடுந்தூரச் சைக்கிள் தடத்தில் போகிறவர்கள் மஞ்சள் பலகைகளையும் மரத்தில் மஞ்சள் பட்டைகளையும் கவனியுங்கள். அது எல்லை மண்டலம், அகலம் 3 கி.மீ. வரை இருக்கலாம், அனுமதியின்றி நுழைவது குற்றம். அந்தப் பக்கம் டென்ட் இடம் தேடி இருட்டில் காட்டுச் சாலையில் கிழக்கே திரும்ப வேண்டாம்.

கரடியைவிடக் கொசுவுக்குப் பயப்படுங்கள். ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை லாப்லாந்தில் கொசுவும் கருப்பு ஈயும் கூட்டமாக வரும். வண்டி ஓடும்போது தொல்லையில்லை. ஏற்றத்தில் வேகம் குறைந்ததும், பங்சர் ஒட்ட நின்றதும் சூழ்ந்துகொள்ளும். தலையை மூடும் கொசுவலை, வெளிர் நிறத் தளர்ந்த முழுக்கைச் சட்டை, உள்ளூர்க் கடையில் வாங்கிய விரட்டி ஆகியவை கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். டீட் என்ற ரசாயனம் கலந்த விரட்டி பிளாஸ்டிக்கை இளக்கும், கண்ணாடியிலும் போனிலும் படாமல் பாருங்கள். தெற்கிலும் ஆலாந்து தீவுகளிலும் உண்ணி உண்டு. அது பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு டோஸுக்கு இடையே சாதாரணமாக 1 முதல் 3 மாதம் வேண்டும் என்பதால் விசாவோடு சேர்த்தே திட்டமிடுங்கள். பூச்சியே வேண்டாம் என்றால் ஆகஸ்ட் பின்பாதி. பள்ளி திறந்துவிட்டதால் பல முகாம்களும் கோடைக் காபிக்கடைகளும் மூடியிருக்கும், வடக்கே இரவில் உறைபனியும் விழலாம். பூஜ்ஜியம் டிகிரிக்கு ஏற்ற ஸ்லீப்பிங் பேக் கோடையின் எந்த மாதத்துக்கும் அளவானது.

ஜூனில் இரவு 10 மணிக்கும் படிக்கும் அளவு வெளிச்சம். லாரி குறைந்த அந்த நேரத்தில் ஓட்டலாம், ஆனால் மூஸ் எனும் பெரிய மான்கள் சாலைக்கு வருவதும் அப்போதே. மான் வளர்ப்புப் பகுதியில் கலைமான் (ரெயின்டீர்) முன்னால் ஓடினால் துரத்தாமல் நின்றுவிடுங்கள், அதுவாக ஒதுங்கும்.

கருவிகளில் எல்லோரும் எடுப்பதைச் சொல்லவில்லை. மறப்பவை: உங்கள் பிரேமுக்கே உரிய டிரெய்லியர் ஹேங்கர், பின்சக்கர அளவுக்கு மூன்று ஸ்போக், கேசட் எனும் பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதியைக் கழற்றும் சிறு கருவி (வலப்பக்க ஸ்போக்தான் உடையும், கேசட்டைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது), ஒரு ஜோடி பிரேக் பேட், செயின் இணைப்புக் கண்ணி இரண்டு, பங்க் காற்றுக்குழாயில் பொருந்த பிரெஸ்டா (மெல்லிய சைக்கிள் வால்வு) அடாப்டர். கிராமத்தில் சைக்கிள் கடை கிடையாது. அடுத்த நகரம் ஒன்றரை நாள் தள்ளி இருக்கலாம்.

தனியாகப் போகிறவர் ஒவ்வொரு பகுதிக்கும் வெளியேறும் வழியைக் குறித்துவைக்க வேண்டும். இன்டர்சிட்டி ரயிலிலும் வடக்கே போகும் இரவு ரயிலிலும் சைக்கிளுக்கு இடம் உண்டு. டிக்கெட்டோடு அதையும் முன்பதிவு செய்யவேண்டும். ஜூலையில் சீக்கிரம் நிரம்பும். ரோவனியெமி, கெமியார்வி, கோலாரிக்கு வடக்கே பயணிகள் ரயில் இல்லை. அங்கே பேருந்துதான், சாமான் அறையில் இடமிருந்தால் ஏற்றுவது ஓட்டுநர் விருப்பம். பைகளைக் கழற்றி, முன்சக்கரத்தை எடுத்துத் தயாராக நின்றால் மறுப்பது குறைவு. அவசர எண் 112. கிளம்பும் முன் 112 சுவோமி செயலியைப் போனில் போட்டுவிடுங்கள். அதிலிருந்து அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் அவர்களுக்குத் தானாகப் போய்விடும்; பத்து எழுத்துள்ள பின்னிஷ் ஊர்ப்பெயரை வலியோடு உச்சரிக்க வேண்டியதில்லை.