இயற்கை அறிவியல் ஆய்வும் சமூக அறிவியல் ஆய்வும் உண்மையில் எங்கே வேறுபடுகின்றன?

முன்னது ஆய்வகச் சோதனை, பின்னது கேள்வித்தாள் என்று பிரிப்பது வழக்கம் என்றாலும், ஆய்வுகள் நடக்கும் விதத்தைக் கவனித்தால் அந்தப் பிரிவினை நிலைப்பதில்லை. விண்மீன்களை ஆய்வகத்துக்குள் கொண்டுவர இயலாது என்பதால், சூரியனருகே கடக்கும் விண்மீன் ஒளி வளையும் என்ற ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையைச் சோதிக்க வானியலாளர் எடிங்டன் 1919 மே 29 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. நிலவியலும், மீண்டும் நிகழ்த்த முடியாத கடந்தகாலத்தை எஞ்சிய தடயங்களிலிருந்து மீட்டெடுப்பதால், முறையளவில் வரலாற்றுக்கு நெருக்கமானது. உளவியலிலோ கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகள் 19ஆம் நூற்றாண்டு முதலே நடைபெறுகின்றன.

இவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது, ஆய்வாளர் திட்டமிடாமல் தானாக அமையும் 'இயற்கைச் சோதனை'. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. அண்டை மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு மாநிலங்களின் துரித உணவகங்களை ஒப்பிட்டு, ஊதிய உயர்வால் வேலைவாய்ப்பு குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கண்டனர். அம்முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. ஆயினும் அந்த முறை பொருளியலையே மாற்றியது என்பேன். இத்தகைய பணிகளுக்காகக் கார்டு 2021இல் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உண்மையான வேறுபாடு ஆய்வுப் பொருளில் உள்ளது: தான் ஆராயப்படுவதை எலெக்ட்ரான் அறியாது, மனிதர் அறிவார், அறிந்ததும் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளவும் கூடும். மானிடவியலாளர்கள் ஒரே சமூகத்தில் நெடுங்காலம் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று ஆராய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.