எலும்பில் இருப்பதை முதலில் வரையுங்கள்: வாசகர் கேள்வி பதில்

புதைபடிவங்களையும் பழங்கால உயிரினங்களையும் வரையக் கற்பது பற்றி வாசகர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

டைனோசர்களை வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முறையாக ஓவியம் கற்றதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
*கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்*

டைனோசரைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அம்மோனைட்டில் தொடங்குங்கள். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவான இந்தக் கடலுயிர் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துபோனது. அதன் சுருள் ஓடு மட்டும் கல்லாகி, உலகின் பல பகுதிகளிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. பெருமாள் கோயில்களிலும் சில வீடுகளிலும் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தின் சக்கரங்கள், நேபாளத்துக் கண்டகி நதிப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் அம்மோனைட்டின் சுவடுகளே. ஆகவே நீங்கள் இதை ஏற்கெனவே பார்த்திருக்கவும் கூடும்.

சுருளைக் கைபோன போக்கில் சுழற்றி வரைந்தால் அது ஜிலேபியாகத்தான் முடியும். முதலில் காகிதத்தில் ஒரு கூட்டல் குறியை மெல்லிய கோடுகளால் போட்டு, அதன் நடுப்புள்ளியைச் சுருளின் மையமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கல்லின் மையத்திலிருந்து மேல், கீழ், இடம், வலம் என நான்கு திசைகளிலும் ஒவ்வொரு சுற்றின் வெளிவிளிம்பும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கவராயத்தால் அளந்து, அதே தூரங்களைக் காகிதத்தில் புள்ளிகளாகக் குறியுங்கள். பெரும்பாலான அம்மோனைட்டுகளில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஏறக்குறைய ஒரே விகிதத்தில் அகன்றுகொண்டு போகும். நீங்கள் குறித்த புள்ளிகளில் ஒன்று அந்த விகிதத்தை விட்டு விலகி நின்றால், ஒன்று அளவு தவறியிருக்கும், அல்லது கல் நசுங்கியிருக்கும். மறுபடி அளந்தால் எது என்று தெரிந்துவிடும். நசுங்கியதை நசுங்கியபடியே வரைய வேண்டும். அழகுக்காகத் திருத்தக் கூடாது. அடுத்து, ஓட்டின் மேலுள்ள வரிமேடுகளை எண்ணுங்கள். வெளிச்சுற்றில் முப்பத்திரண்டு இருந்தால் படத்திலும் முப்பத்திரண்டு இருக்க வேண்டும். தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் வழுக்கிவிழுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் நான்கைந்து வரிகளை வரைந்ததும் கண் கல்லை விட்டுவிட்டு, கை தானாகவே மீதியை நிரப்பத் தொடங்கிவிடும்.

ஒளி இடதுபுறம் மேலிருந்து விழுவதாக வைத்துக்கொள்வது புதைபடிவ ஓவியங்களில் நிலைபெற்றுவிட்ட வழக்கம். மேசை விளக்கை அந்தப் பக்கத்தில் வையுங்கள். நிழலை விரலால் தேய்த்து இழுக்காமல் சிறு புள்ளிகளால் உருவாக்கப் பழகுங்கள்: பள்ளத்தில் நெருக்கமாகவும் மேட்டில் விலகலாகவும் புள்ளிகள் இருக்கட்டும். உடைந்த பகுதியை உடைந்ததாகவே விட்டு, முழு உருவத்தைக் காட்டியே தீர வேண்டுமென்றால் விடுபட்டதைப் புள்ளிக்கோட்டால் மட்டும் காட்டுங்கள். படத்தின் கீழே ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு அளவுகோல் கோடு கட்டாயம் வேண்டும். ஓர் எச்.பி. பென்சில், ஒரு 2பி பென்சில், கவராயம், ஸ்கேல், வழவழப்பான வெள்ளைத் தாள் ஆகியவை போதும்.

கையில் அம்மோனைட் இல்லையென்றால் ராமேஸ்வரத்தில் வாங்கிய சிப்பியை இதே முறையில் வரைந்து பழகலாம். கல்லில் புடைத்து நிற்கும் உருவத்தின் மேல் ஒளி எப்படி விளையாடுகிறது என்பதை அறிய, உங்களுக்கு எளிதில் சென்றுவரக்கூடிய கீழக்குயில்குடி சமணர் மலையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களுக்கு எதிரே, சாய்வான வெயில் இருக்கும் நேரத்தில், அவற்றைத் தொடாமல் சற்று விலகி உட்கார்ந்து வரைந்து பாருங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மலைகளில் தேடினால் புதைபடிவம் கிடைக்குமா? கீழடியில் டைனோசர் எலும்பு இருக்குமா?
*பள்ளி மாணவன், மேலூர்*

கிடைக்காது, தம்பி. யானைமலையும் மேலூர்ப் பக்கத்துப் பாறைகளும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அவை டைனோசர்களைவிட மிகப் பழையவை. எலும்போ ஓடோ தங்கியிருக்க முடியாத வகைப் பாறைகள். மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறையில்தான் புதைபடிவம் இருக்கும். கீழடி மனிதர்கள் வாழ்ந்த ஊர்; அதன் பழமையை ஆயிரம் ஆண்டுகளில் கணக்கிடுகிறோம், டைனோசர்களின் பழமையைக் கோடி ஆண்டுகளில் கணக்கிடுகிறோம். ஆனாலும் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் ஓர் உடைந்த பானையை அளந்து வரைந்து வா. இந்தத் துறைக்கு அதுவும் நல்ல பயிற்சிதான்.

புதைபடிவத்தைக் கண்ணால் பார்க்க, திருச்சி வழியாகப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிய அடிமரம் கிடந்த இடத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடங்களிலிருந்து சிறு கல்லைக்கூட எடுத்து வராதே. வரைந்து வா.

என் ஒன்பது வயது மகன் கார்ட்டூனைப் பார்த்து டி-ரெக்ஸ் வரைகிறான். நிமிர்ந்து நின்று, வாலைத் தரையில் போட்டு, கைகளை முன்னால் தொங்கவிட்டிருக்கிறது. திருத்தலாமா, அப்படியே விடலாமா?
*இல்லத்தரசி, திருமங்கலம்*

தவறு என்று சொல்லித் திருத்த வேண்டாம், அம்மா. அவனை ஒரு நாட்டுக்கோழியின் முன் உட்கார வையுங்கள். பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை. டி-ரெக்ஸுக்கும் கோழிக்கும் எலும்பமைப்பில் நெருங்கிய ஒற்றுமை உண்டு. கோழியின் காலில் பின்பக்கமாக மடங்குவதைப் பலர் முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. அதற்கும் கீழே செதில் மூடிய பகுதி பாதத்தின் நீண்ட எலும்பு. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே அவன் வரையும் கால் சரியாகிவிடும். வீட்டில் கோழிக்குழம்பு வைக்கும் நாளில், கழுத்தடியில் இருக்கும் கவட்டை எலும்பைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். அதே எலும்பு டி-ரெக்ஸுக்கும் இருந்தது.

பிறகு அவனிடம் நான்கே செய்திகளைச் சொல்லுங்கள். முதுகெலும்பு தரைக்கு ஏறக்குறையக் கிடையாக இருந்தது. பாரமான தலைக்கு எதிர்ப்பாரமாக வால் பின்னால் உயர்ந்து நின்றது. உள்ளங்கைகள் தரையைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்த்தன. ஒவ்வொரு கையிலும் இரண்டு விரல்கள். முதலில் இந்த நிலையில் ஒரு குச்சி உருவத்தைப் போட்டு, அதன் மேல் தசையையும் தோலையும் ஏற்றட்டும். எலும்பின் மேல் தோலை ஒட்டவைத்ததுபோல் வரையாமல், தொடையிலும் வாலின் அடியிலும் சதையைத் தாராளமாக வைக்கச் சொல்லுங்கள்.

நிறம், தோல், கண் எல்லாம் கற்பனைதானே? கற்பனை என்றான பிறகு, அளந்து வரைய வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறீர்கள்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி*

ஐயா, எல்லாமே கற்பனை அல்ல. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரை 1996-இல் விவரித்தபோது, அதன் உடலில் மயிர்போன்ற இறகிழைகள் பதிந்திருந்தது தெரியவந்தது. 2010-இல் அந்த இழைகளுக்குள் நிறமித் துகள்களின் வடிவத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, செம்பழுப்பும் வெளிர்நிறமும் மாறிமாறி வரும் வரிவால் அதற்கு இருந்தது என்று கண்டறிந்தார்கள். ஆனால் பெரும்பாலான உயிர்களுக்கு இத்தகைய சான்று கிடையாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். யானையின் மண்டையோட்டை மட்டும் பார்த்த ஒருவரால் தும்பிக்கையை ஊகிப்பது எளிதல்ல. அதற்குள் எலும்பே இல்லை.

ஊகம் தவிர்க்க முடியாதது என்பதால்தான், எது எலும்பு, எது ஊகம் என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி வரைய வேண்டியிருக்கிறது. இகுவானோடான் என்ற தாவர உண்ணி டைனோசரின் கூம்பு எலும்பு ஒன்றை இங்கிலாந்தில் மூக்குக்கொம்பு என்று ஊகித்தார்கள். 1854-இல் லண்டனில் அமைத்த சிலைகளும் அந்தக் கொம்போடு இன்றுவரை நிற்கின்றன. 1878-இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரல் முள் என்று தெளிவாயிற்று. நம் நாட்டில் கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த பாராபாசாரஸ் என்ற நீண்ட கழுத்து டைனோசருக்குச் சில பற்கள் தவிர மண்டையோடு கிடைக்கவில்லை. அதன் முகத்தை வரையும் எவரும் உறவு விலங்குகளிலிருந்தே அதைப் பெறுகிறார்கள். அதைப் படத்தின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதிவிடுவது நேர்மை.

இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் இருக்கிறது. அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1980-களின் பிற்பகுதியில் புருகத்காயோசாரஸ் என்ற பெயரில் விவரித்தார்கள். அதன் முழங்கால் கீழெலும்பு மட்டும் இரண்டு மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. ஆனால் எளிதில் நொறுங்கும் நிலையில் இருந்த அந்த எலும்புகள் பின்னர் சிதைந்து இல்லாமலே போய்விட்டன. ஆய்வுக்கட்டுரையில் எஞ்சியது சில எளிய கோட்டோவியங்கள். அவற்றில் விவரம் போதாததால், ஊனுண்ணி என்று முதலில் சொல்லப்பட்டது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணியாக இருக்கலாம் என்றும், எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்றும் பல்லாண்டுகள் ஐயங்கள் நீடித்தன. களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022-இல் வெளியான பிறகுதான் அது நீண்ட கழுத்துடைய டைனோசரின் எலும்பு என்ற கருத்து வலுப்பட்டது. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கக்கூடிய உயிரைப் பற்றிய வழக்கு, சில கோடுகளின் தெளிவை நம்பி இத்தனை காலம் நின்றது. ஒரு எலும்பின் விளிம்பையும் விரிசலையும் அளவையும் முழுமையாகக் காட்டும் படம் எவ்வளவு பெறுமதியானது என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

டைனோசர் படத்தின் பின்னணியில் புல்வெளி வரையலாமா?
*ஓவிய வகுப்பு மாணவர், மதுரை அண்ணா நகர்*

காலத்தைப் பொறுத்தது. ஜுராசிக் காலத்துப் பாராபாசாரஸைச் சுற்றி வேண்டாம். அங்கே பெரணி, சைகஸ், ஊசியிலை மரங்களை வரையுங்கள். சைகஸ் நம் ஊர் நர்சரிகளில் தொட்டியிலேயே நிற்கிறது, நேரில் பார்த்து வரையலாம். மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிய டைனோசர் சாணத்தில் புல்லின் நுண்துகள்கள் இருப்பதை 2005-இல் கண்டறிந்தார்கள். ஆகவே டைனோசர்களின் இறுதிக் காலமான கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்து இந்தியாவை வரையும்போது அங்கங்கே புற்கொத்துகள் இருக்கலாம். ஆனால் விரிந்த புல்வெளிகள் பரவியது டைனோசர்கள் அழிந்து வெகுகாலம் கழித்துத்தான்.