பதக்கம் இல்லாத படகோட்டி விளையாட்டு நிர்வாகி ஆக முடியுமா?

பிடோக்கில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் உயர்நிலை 3 படிக்கிறான். ஐந்து வருடம் ஆப்டிமிஸ்ட் (15 வயது வரையிலான பிள்ளைகள் ஓட்டும் சிறிய பாய்மரப் படகு) ஓட்டினான், தேசிய அணியில் இடம் கிடைக்கவில்லை. வயது 15 ஆகிவிட்டதால் அந்தப் படகையும் விட வேண்டும். ஜாக் ரோகே மாதிரி விளையாட்டு நிர்வாகத்துக்குப் போகிறேன் என்கிறான். பதக்கம் இல்லாமல் நடக்குமா? எங்கே ஆரம்பிப்பது?"

நடக்கும். அவன் சொன்ன ரோகேயையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ஜியத்துக்காக ஃபின் என்ற ஒருவர் ஓட்டும் பாய்மரப் படகில் 1968, 1972, 1976 என மூன்று ஒலிம்பிக்கில் ஓட்டினார், ஒன்றிலும் பதக்கம் இல்லை. தொழிலில் எலும்பு அறுவை மருத்துவர். தன் நாட்டு ஒலிம்பிக் குழுவில் தொடங்கிப் படிப்படியாக வந்து 2001 முதல் 2013 வரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார். அவர் முன்னின்று கொண்டுவந்த இளையர் ஒலிம்பிக் 2010ல் முதன்முதலாக நம் சிங்கப்பூரில்தான் நடந்தது, அதன் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய இங் செர் மியாங்கும் பாய்மரப் படகோட்டிதான். 2013ல் ரோகேயின் இடத்துக்கே போட்டியிட்டவர் அவர்.

இந்த விளையாட்டிலேயே நிர்வாகப் பயிற்சி இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நாற்பது படகுகள் ஒரே மிதவையைச் சுற்றித் திரும்பும்போது பெரும்பாலும் விசில் ஊத யாரும் கிடையாது, விதியை மீறியவர் தானே ஒத்துக்கொண்டு படகை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொடர வேண்டும். சுற்றவில்லையா, பாதிக்கப்பட்டவர் அங்கேயே "புரொட்டெஸ்ட்" (ஆட்சேபம்) என்று கத்துவார், கரைக்கு வந்து எழுதிக் கொடுப்பார், இரண்டு பக்கமும் சாட்சியோடு ஆட்சேபத்தை விசாரிக்கும் குழுவின் முன் உட்காரும். குழு முதலில் நடந்தது என்ன என்று முடிவு செய்யும், அப்புறம்தான் எந்த விதி என்று பார்க்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்! சங்கக் கூட்டங்களில் பெரியவர்களுக்கே வராத நிதானம் இது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? வரும் பள்ளி விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்டில் உள்ள தேசியப் பாய்மரப் படகோட்ட நிலையத்திலோ அவனுடைய கிளப்பிலோ போட்டியை நடத்தும் குழுவின் படகில் உதவிக்கு வரட்டுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கொடி ஏற்றுவது, நேரம் பார்ப்பது, முடிவுக்கோட்டில் பாய் எண்களை வரிசையாக எழுதுவது, காற்று திரும்பினால் மிதவையை இடம் மாற்றுவது என்று வேலை நிறைய. விதிப் புத்தகத்தை உலகப் பாய்மர அமைப்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, 2025-2028 பதிப்பை அவன் வரிவரியாகப் படிக்க வேண்டும். தேசிய அளவில் நடுவர், போட்டி அதிகாரி தகுதி, பிறகு அனைத்துலகத் தகுதி என்று இந்தப் பாதை மேலே போகும். படகோட்டுவதை மட்டும் விட வேண்டாம், ஐஎல்சிஏ 4 என்ற ஒருவர் ஓட்டும் பாய்மரப் படகு அவனுக்குச் சரியாக இருக்கும்.

படிப்புக்கு ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இரண்டிலும் விளையாட்டுத் துறை இருக்கிறது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விளையாட்டுச் சங்கங்களில் தேர்தலில் வரும் பதவிகள் பெரும்பாலும் சம்பளம் இல்லாதவை. ரோகேக்கு மருத்துவம் இருந்தது, இங் செர் மியாங்குக்குத் தொழில் இருந்தது. சம்பள வேலை வேண்டுமென்றால் சங்க அலுவலகங்கள், ஸ்போர்ட் சிங்கப்பூர் என்ற அரசு விளையாட்டு அமைப்பு போன்ற இடங்களைப் பார்க்க வேண்டும், அங்கே கணக்கியலோ சட்டமோ படித்தவருக்கும் இடம் உண்டு.

கிளப்பில் போய் நீங்கள் கேட்காதீர்கள், அவனே கேட்கட்டும். அனுப்பும் நாளில் தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள், அந்தப் படகில் நிழல் குறைவு.