கட்டையைக் குறையுங்கள், பாட்டை விடாதீர்கள்

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கரோக்கே நடக்கிறது. போன மாதம் ‘காற்றில் எந்தன் கீதம்’ எடுத்தேன். பல்லவி எப்படியோ ஓடிவிட்டது. சரணத்தில் குரல் உடைந்து, பாதியில் மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். “உனக்கு ஆம்பளைக் குரல், ஜானகி பாட்டெல்லாம் எதுக்கு?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு ஏற்ற பாட்டுகள் எவை? - ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எட்டாம் வகுப்பில் இதே சொல்லைச் சொல்லித்தான் என்னைப் பள்ளியின் கடவுள் வாழ்த்துக் குழுவிலிருந்து எடுத்தார்கள். மூன்று வருடம் வாயே திறக்கவில்லை. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் குரலில் கோளாறு எதுவும் இல்லை. நீங்கள் எடுத்த சுருதிதான், அதாவது பாட்டு நிற்கும் அடிப்படை உயரம்தான், உங்களுடையது அல்ல.

ஒரு மாலை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள். போனில் ஒரு கீபோர்ட் ஆப் போதும். அதில் ‘சி’ (C) என்ற வெள்ளைக் கட்டையை ஒன்று என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுவோம், ‘அரை’ என்பது நடுவில் வரும் கறுப்புக் கட்டை. ஒரு கட்டையை ‘ஸ’வாக வைத்துக்கொண்டு கீழ் பஞ்சமம் (‘ப’) வரை இறங்குங்கள், பிறகு மேல் மத்தியமம் (‘ம’) வரை ஏறுங்கள். இரண்டு பக்கமும் இறுக்கமில்லாமல் வந்தால் அதுதான் உங்கள் கட்டை. கச்சேரி பாடும் பெண்கள் பலர் ஐந்து, ஐந்தரை வைப்பார்கள். எனக்கு மூன்று. உங்களுக்கும் மூன்று, நான்கு பக்கம்தான் வரும் என்று நினைக்கிறேன்.

இனி டிராக்கை (பாட்டின் பின்னணி இசைப் பதிவை) இறக்க வேண்டும். சுருதி மாற்றும் ஆப்களில் ப்ளஸ், மைனஸ் என்று இருக்கும். மைனஸை ஒருமுறை தட்டினால் பியானோவில் கறுப்போ வெள்ளையோ பக்கத்துக் கட்டைக்கு இறங்கும். ஐந்து கட்டைப் பாட்டை மூன்றுக்குக் கொண்டுவர நான்கு தட்டு என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். மூன்றே தட்டுதான். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது, அதனால்தான் ‘மூன்றரைக் கட்டை’ என்று யாரும் சொல்வதில்லை. நான்கு தட்டுக்கு மேல் இறக்கினால் புல்லாங்குழலும் தபேலாவும் சோர்ந்து ஒலிக்கும். அந்த அளவுக்கு இறக்க வேண்டிய பாட்டை இப்போதைக்கு ஒத்தி வையுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது பல்லவியைப் பாடிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். நம் சினிமாப் பாட்டில் உச்சம் பெரும்பாலும் சரணத்தில்தான் வரும். அந்த ஒரு வரியைத் தேடி முதலில் அதைப் பாடுங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல் வந்தால் மீதிப் பாட்டும் வந்துவிடும்.

இன்னொன்று. “எல்.ஆர்.ஈஸ்வரி பாட்டு எடு, உன் குரலுக்குப் பொருந்தும்” என்று யாராவது சொல்வார்கள். கனமான குரல் வேறு, தாழ்ந்த குரல் வேறு. ‘எலந்தப் பயம்’ (பணமா பாசமா, 1968) காதுக்குக் கனமாகத்தான் கேட்கும், ஆனால் பாடிப் பார்த்தால் உயரம் தெரியும். கே.பி.சுந்தராம்பாள் அதைவிட. ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஔவையாராக ‘பழம் நீயப்பா’ என்று அவர் எடுக்கும் இடம் தாழ்ந்த குரல் எட்டிப் பிடிக்கும் இடமே அல்ல.

சரி, பெயர் கேட்டீர்களே. முதலில் ‘வசீகரா’ (மின்னலே, 2001). பாம்பே ஜெயஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற உயரத்தில் பாடியிருக்கிறார். சரணம் கொஞ்சம் ஏறும், ஆனால் கூவ வைக்காது. அதில் கால் ஊன்றிய பிறகு அவருடைய ‘ஒன்றா இரண்டா ஆசைகள்’ (காக்க காக்க, 2003). அப்புறம் சக்திஸ்ரீ கோபாலனின் ‘நெஞ்சுக்குள்ளே’ (கடல், 2013). இதற்கு மூச்சு வேண்டும், அவசரப்பட்டால் வரி முடிவதற்குள் காற்று தீர்ந்துவிடும். துள்ளலாக வேண்டுமென்றால் ‘தீ’ என்ற பாடகி பாடிய ‘ஏ சண்டக்காரா’ (இறுதிச்சுற்று, 2016). உஷா உதுப்பின் ‘வேகம் வேகம்’ (அஞ்சலி, 1990) இருக்கவே இருக்கிறது. பள்ளியில் பாட்டு வகுப்புக்கு இந்தக் குரல் ஆகாது என்று ஒதுக்கப்பட்டதை உஷாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓர் இரவு விடுதியில் அதே குரலோடு மேடை ஏறினார். 2024-இல் பத்மபூஷண் வாங்கினார்.

ஆண் பாட்டுகளையும் விடாதீர்கள். ஆண்கள் மேலே ஏறிப் பாடும் இடம் நமக்கு இயல்பான நடுப்பகுதி. பாட்டின் அடிப்பகுதி எட்டவில்லை என்றால் டிராக்கை மூன்று தட்டு ஏற்றுங்கள். ‘இளைய நிலா’வை (பயணங்கள் முடிவதில்லை, 1982) நான் அப்படித்தான் பாடுகிறேன். ‘அவள்’ என்று வரும் இடத்தை ‘அவன்’ ஆக்க வேண்டாம், வரி முடிவில் வரும் ஒலி ஒற்றுமை போய்விடும். பாட்டு எழுதியவருக்கு அந்த மரியாதையைக் கொடுங்கள்.

கடைசியாக, சவுண்ட் பார்க்கிறவரிடம் எக்கோவையும் (எதிரொலி) பாஸையும் (அடித்தொனி) குறைக்கச் சொல்லுங்கள். உயர்ந்த குரலுக்கு வைத்த எக்கோவில் நம் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்டுவிட்டுத்தான் “குரல் தெளிவாக இல்லை” என்பார்கள்.

கேள்வி: வயது 57. முன்பு ஐந்தரைக் கட்டையில் பாடுவேன். இப்போது நாலரையே தடுமாறுகிறது. சாதகம் (பாட்டுப் பயிற்சி) போதவில்லையா? - ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: சாதகத்தைக் குறை சொல்லாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைய, குரல் நாண்கள் சற்றுத் தடித்து, குரல் இறங்குவது பல பெண்களுக்கு நடப்பதுதான். நான்கில் வைத்துப் பாடுங்கள். காலையில் மேல் ஸ்தாயிக்கு (மேல் ‘ஸ’வுக்கு மேலுள்ள சுரங்களுக்கு) போகாமல் கீழ் ‘ஸ’, ‘ப’ இரண்டையும் நிதானமாக நிறுத்திப் பழகுங்கள். ஆனால் ஒன்று, தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலோ, திடீரென்று குரல் மாறினாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தேனையும் மிளகையும் நம்பி நாள் கடத்த வேண்டாம்.

கேள்வி: நானும் என் மனைவியும் டூயட் பாடும்போது என் வரிகள் சரியாக இருக்கின்றன, அவளுக்கு எட்டவில்லை. யாருடைய சுருதியில் வைப்பது? - ஒரு வாசகர், சேலம்

பதில்: அவர் சுருதியில். ஒரே சுருதியில் நீங்கள் பாடும் மெட்டை அவர் ஒரு ஸ்தாயி மேலே பாட வேண்டியிருப்பதால்தான் எட்டவில்லை. டிராக்கை இரண்டு தட்டு இறக்கி, ‘பார்த்த முதல் நாளே’ (வேட்டையாடு விளையாடு, 2006) பாடிப் பாருங்கள். உங்களுக்கு அடியில் ஓரிரு சுரம் மங்கலாம். அந்த வரியை மட்டும் அவரையே பாடச் சொல்லுங்கள், அங்கே அவர் குரல் நன்றாக நிற்கும்.