ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்குவது எப்படி?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கிறேன். எங்களோடு வேலை செய்யும் இஸ்ரேல்காரர் ஒருவர் தினமும் காலையில் யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூத்தில் ஓர் ஏடு படித்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவார். அவர் சொல்லி நானும் ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்க ஆரம்பித்து சில மாதங்கள் ஆகின்றன. மாடு முட்டியது, குழியில் கழுதை விழுந்தது, பலி ஆட்டின் ரத்தத்தை எங்கே தெளிப்பது என்றே போகிறது. வாழ்க்கைக்கு உதவும் என்று ஒரு நோட்டு வாங்கி வைத்தேன். இரண்டு பொன்மொழிகளுக்கு மேல் அதில் எழுத எதுவும் கிடைக்கவில்லை. படித்ததும் மறந்துபோகிறது. யூதரல்லாத நான் இதைப் படிப்பது சரியா? அன்றாட வாழ்க்கைக்கு இதிலிருந்து எதை, எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்: அந்த நோட்டில் பொன்மொழி எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். தல்மூத்தைத் திருக்குறள் மாதிரி கையில் எடுத்ததுதான் சிக்கல். குறளில் இரண்டே அடியில் முடிவு வந்துவிடும். இங்கே ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் இருவரையும் மடக்குவார்; கடைசியில் தீர்ப்பே இல்லாமல் அடுத்த வழக்குக்குப் போய்விடுவார்கள். கி.பி. 200 வாக்கில் ரபி (யூத மதகுரு) யெஹூதா தொகுத்த மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பும், அதை வைத்து இன்றைய ஈராக் பகுதியில் இருந்த யூத அறிஞர்கள் அடுத்த சில நூற்றாண்டுகள் நடத்திய விவாதமான கெமாராவும் சேர்ந்ததுதான் நீங்கள் படிப்பது. அதில் வழக்கைத்தான் எடுக்க வேண்டும், வாசகத்தை அல்ல. பொருளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாட்டை எடுத்துவிட்டு உங்கள் பைக்கை வையுங்கள், திராட்சை மது ஜாடிக்குப் பதில் லேப்டாப்பை வையுங்கள். வழக்கு அப்படியே நிற்கும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். பாவா மெட்சியா என்ற பகுதியில் 58ஆம் ஏட்டின் பின்பக்கம் ஒரு மிஷ்னா வருகிறது. வாங்கும் எண்ணம் இல்லாதவன் வியாபாரியிடம் 'இது என்ன விலை?' என்று கேட்கக் கூடாது. கேட்டால் அது வார்த்தையால் செய்யும் வஞ்சனை. படித்ததும் ஜவுளிக்கடையில் புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது ஞாபகம் வரும். அதோடு நின்றுவிடாதீர்கள். யாருக்கு ஆர்டர் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு, ஃபைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டுமே என்பதற்காக இன்னும் இரண்டு பேரிடம் விலை கேட்கிறோமே, அது என்ன? அந்த இரண்டு பேரும் ஆள் அனுப்பி, அளவெடுத்து, ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புவார்கள். கெமாரா இதில் பிடிக்கும் முடிச்சு அழகானது. நீ உண்மையில் வாங்க வந்தவனா இல்லையா என்று வெளியிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியாது, உன் மனசுக்கு மட்டுமே தெரியும்; அதனால்தான் இந்த இடத்தில் வேதம் கடவுளுக்குப் பயப்படு என்கிறது. ஆடிட்டர் கண்டுபிடிக்க முடியாத தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பண மோசடியைவிட இது பெரிது என்றும் அங்கே ஒருவர் வாதிடுகிறார்: பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், இதைத் திருப்பித் தர வழியில்லை.

இதை நோட்டில் 'வியாபாரியை ஏமாற்றாதே' என்று எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'அடுத்த கொட்டேஷன் கேட்கும்போது, வாய்ப்பு குறைவு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்' என்று எழுதுங்கள். யாரிடம், எப்போது என்பது அதில் இருக்க வேண்டும்.

அதே பகுதியில் இன்னும் கொஞ்சம் தள்ளி, 83ஆம் ஏட்டில் சுமைகூலிகள் கதை இருக்கிறது. ரப்பா என்ற அறிஞரின் மது ஜாடியைக் கூலிக்காரர்கள் தூக்கிச் செல்லும்போது உடைத்துவிட்டார்கள். நஷ்டத்துக்கு ஈடாக அவர்களின் மேலாடைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவர்கள் ராவ் என்ற பெரியவரிடம் போய் முறையிட்டார்கள். ராவ், 'ஆடையைத் திருப்பிக் கொடு' என்றார். ரப்பா கேட்டார்: 'சட்டம் அப்படியா?' 'ஆமாம்' என்ற ராவ், நல்லோர் வழியில் நட என்ற நீதிமொழிகள் வசனத்தைச் சொன்னார். ஆடை கிடைத்தது. கூலிக்காரர்கள் நகரவில்லை. 'நாங்கள் ஏழைகள், நாள் முழுக்க உழைத்தோம், பசிக்கிறது, கையில் ஒன்றுமில்லை' என்றார்கள். 'கூலியையும் கொடு' என்றார் ராவ். மறுபடியும் 'சட்டம் அப்படியா?' மறுபடியும் 'ஆமாம்'. இந்த முறை அதே வசனத்தின் பின்பாதி: நீதிமான்களின் பாதையைக் காத்துக்கொள்.

கருணை வேண்டும் என்று இதை முடித்துவிடுவது சுலபம். ஆனால் அந்த 'சட்டம் அப்படியா?' என்ற கேள்வியில் கொஞ்சம் நில்லுங்கள். கெமாராவின் உள் ஓரத்தில் அச்சாகும், ராஷி என்ற இடைக்கால உரையாசிரியரின் உரை, ராவ் சொன்னது சட்டத்தின் கோட்டைத் தாண்டி நடப்பது என்கிறது. அப்படியானால் ராவ் ஏன் 'ஆமாம்' என்றார்? எல்லோருக்கும் இதே தீர்ப்பா, இல்லை ரப்பா மாதிரி படித்த, வசதியுள்ள ஒருவருக்கு மட்டும்தானா? உரையாசிரியர்கள் பின்னால் இதை வைத்து நிறைய மோதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு வேலைக்கார அம்மா மிக்ஸி ஜாரை உடைத்துவிட்டால் சம்பளத்தில் பிடிப்பீர்களா என்பதும் அதே வழக்குதான். பிடிக்க உரிமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. உங்கள் நிலையில் இருப்பவர் அந்த உரிமையைப் பயன்படுத்தலாமா என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினாலே ஒரு வருடப் படிப்பு வீண் போகவில்லை.

சொத்துத் தகராறுக்கு ஒன்று வேண்டுமென்றால் பாவா மெட்சியாவின் முதல் வரிக்கே போங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இருவருமே 'முழுசும் எனது' என்றால் சத்தியம் வாங்கிக்கொண்டு பாதிப் பாதி. ஒருவர் 'முழுசும் எனது' என்றும் மற்றவர் 'பாதி எனது' என்றும் சொன்னால்? முதலாமவருக்கு முக்கால், இரண்டாமவருக்குக் கால். பாதி கேட்டவர் மறுபாதியைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டார். சண்டை மிச்சப் பாதியில் மட்டும்தான், அதைத்தான் பிரிக்கிறார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சண்டையில்லாத பகுதி எது என்று யாரும் முதலில் பேசவே மாட்டார்கள்.

சரி, பலி ஆட்டுக்கு என்ன செய்வது? எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் அழிந்தது, பலியும் அதோடு நின்றது. இருந்தும் ஏடு ஏடாகப் படிக்கிறார்கள். பலிகளைப் பற்றிய செவாகிம் பகுதியின் முதல் மிஷ்னாவைப் பாருங்கள்: வேறொரு பலியாக நினைத்து அறுத்தாலும் பெரும்பாலான பலிகள் செல்லும், ஆனால் கொண்டுவந்தவரின் கடன் தீராது. வேலை செல்லும், கடமை தீராது என்ற இந்தப் பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேருக்கு நடத்தும் வருடாந்தர அப்ரைசலை இதில் வைத்துப் பார்க்கலாம். கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்துகிறேன், அது எனக்கும் தெரியும். இந்தப் பகுதிகளில் முக்கால்வாசி நாள் நோட்டு காலியாகத்தான் இருக்கும், இருக்கட்டும். தினமும் ஒரு பாடம் கறந்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் இல்லாததைச் சொல்ல வைத்துவிடுவீர்கள். இணையத்தில் உலவும் 'யூதர்களின் பணம் சேர்க்கும் ரகசியம்' வீடியோக்கள் அப்படிப் பிறந்தவைதான். அவற்றில் வரும் பல 'தல்மூத் வாசகங்களை' மூலத்தில் தேடினால் கிடைக்காது.

யூதரல்லாதவர் படிக்கலாமா என்ற கேள்வி தல்மூத்திலேயே வருகிறது, சன்ஹெட்ரின் 59ஆம் ஏட்டில். ரபி யோஹனான் கூடாது என்று கடுமையாகச் சொல்கிறார். ரபி மெயிரோ யூத வேதமான தோராவைப் படிக்கும் பிற இனத்தவர் தலைமை ஆசாரியனுக்குச் சமம் என்கிறார். எல்லா மனிதருக்கும் பொதுவான ஏழு கட்டளைகள் சம்பந்தப்பட்டதைப் படிக்கலாம் என்று கெமாரா சமரசம் செய்கிறது. நீதி வழங்குவது அந்த ஏழில் ஒன்று; ஆகவே கொடுக்கல் வாங்கல், நஷ்டஈடு பற்றிய ஏடுகளை நீங்கள் தாராளமாகப் படிக்கலாம். ஸ்டைன்சால்ட்ஸ் பதிப்பின் ஆங்கிலப் பெயர்ப்பு செஃபாரியா தளத்தில் 2017 முதல் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

மறதிக்கு வருவோம். 1923இல் வியன்னாவில் நடந்த மாநாட்டில் ரபி மெயிர் ஷபிரோ 'உலகத்து யூதர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரே ஏடு' என்ற திட்டத்தை முன்வைத்தார். மொத்தம் 2,711 ஏடுகள், முடிக்க ஏழு வருடம் ஐந்து மாதம். இந்த வேகத்தில் எல்லாம் மனசில் தங்காது என்ற புகார் யூதர்களிடமே உண்டு. ஹகிகா பகுதியின் 9ஆம் ஏட்டில் ஹில்லெல் என்ற அறிஞர் சொல்லும் கணக்கு இதற்குப் பொருந்தும். நூறு முறை திருப்பிப் படித்தவனும் நூற்றியொரு முறை படித்தவனும் ஒன்றல்ல என்கிறார். ஒரே ஒரு முறைக்கா இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், கழுதை ஓட்டுகிறவர்களின் சந்தைக்குப் போய்ப் பார் என்கிறார்: பத்து பர்சாங் தூரத்துக்குக் கூலி ஒரு வெள்ளிக்காசு, பதினொன்றுக்கு இரண்டு. நீங்கள் நூறு முறையெல்லாம் படிக்க வேண்டாம். வாரத்தில் ஏழு ஏடு ஓடட்டும், அதில் ஒரே வழக்கை மட்டும் பிடித்து வார இறுதியில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தீர்ப்பைச் சொல்லாமல் 'நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள்.

அந்த யாரோ ஒருவர், தலையாட்டுகிறவராக இருக்கக் கூடாது. மரபாக இதை இரண்டு பேராக உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் படிப்பார்கள். பாவா மெட்சியா 84இல் ரபி யோஹனானும் அவர் தங்கை கணவர் ரெஷ் லகிஷும் வருகிறார்கள். ரெஷ் லகிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் முழுமையான பொருளாகின்றன என்று ஒருநாள் விவாதம். உலையில் காய்ச்சியதும் என்றார் யோஹனான். தண்ணீரில் தோய்த்து எடுத்ததும் என்றார் ரெஷ் லகிஷ். 'கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாமலா இருக்கும்' என்று யோஹனான் வாய்விட்டுவிட்டார். அதில் முறிந்ததுதான், ரெஷ் லகிஷ் நோயில் விழுந்து செத்துப்போனார். துணைக்கு எலாசார் என்ற புத்திசாலியை அனுப்பினார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் 'உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது' என்றே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். யோஹனான் வெடித்தார்: 'ரெஷ் லகிஷ் நான் ஒன்று சொன்னால் இருபத்துநான்கு ஆட்சேபம் கிளப்புவான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், விஷயம் தானாகத் தெளியும். நான் சொல்வது சரி என்பது எனக்கே தெரியாதா?' உங்கள் இஸ்ரேல்கார நண்பர் பக்கத்திலேயே இருக்கிறார். வாரத்தில் அரைமணி நேரம் கேளுங்கள், ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

ஒதுக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கித்தின், ஷபாத் பகுதிகளில் வரும் மருந்துகளைத் தொடவே தொடாதீர்கள்; அவற்றை வைத்து வைத்தியம் செய்யக் கூடாது என்று யூத அறிஞர்களே இடைக்காலத்தில் எச்சரித்திருக்கிறார்கள். பேய், மந்திரம், பெண்களைப் பற்றியும் பிற இனத்தவரைப் பற்றியும் உறுத்தும் பேச்சுகள் எல்லாம் வரும். அவற்றுக்குப் பாலிஷ் போட்டுப் பாடம் ஆக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு ஏட்டைப் படித்துவிட்டு 'யூத சட்டம் இதுதான்' என்று நண்பரிடம் சொல்லவும் கிளம்பாதீர்கள். நடைமுறைச் சட்டம் பின்னால் வந்த தொகுப்புகளிலும் ரபிகளின் தீர்ப்புகளிலும் இருக்கிறது.

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கெத்துபோத் 62இல் ராவ் ரெஹுமி என்பவர் வெளியூரில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஒருமுறை, பாவ நிவாரண நாளுக்கு முந்தின நாள், வீட்டுக்கு வருவார். ஒரு வருடம் பாடம் அவரை இழுத்துக்கொண்டது. 'இதோ வருகிறார், இதோ வருகிறார்' என்று மனைவி காத்திருந்தாள். வரவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்த கூரை இடிந்து அவர் இறந்தார். படிப்பையே உயிராக நினைத்தவர்கள் தங்கள் நூலிலேயே இதை வைத்திருக்கிறார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்தில் ஏட்டைத் திறக்காதீர்கள்.

ஷபிரோவின் நாளொரு ஏடு திட்டத்தில் பதினான்காவது சுற்று 2020 ஜனவரி 5இல் தொடங்கியது. அடுத்தது 2027 ஜூன் 8இல் முதல் பகுதியான பெராகோத்திலிருந்து ஆரம்பிக்கும். அதுவரை அட்டவணையோடு ஓடியே ஆக வேண்டும் என்று உங்களுக்குக் கட்டாயமில்லை. பலிப் பகுதி இழுக்கவில்லை என்றால் பாவா மெட்சியாவின் நான்காம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு நாளுக்கு அரை ஏடு போங்கள். வாங்குவது, விற்பது, விலை திரிப்பது எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஆறாம் அத்தியாயம்: வேலைக்கு ஆள் வைப்பது, ஒப்பந்தத்திலிருந்து பாதியில் விலகினால் யார் கை தாழ்வு என்பது. சுமைகூலிகள் கதை அந்த அத்தியாயத்தின் கடைசியில் வருகிறது.