மின்சாரம் இல்லாத தோப்புக்கு எந்தக் கேமரா?

கேள்வி: உடுமலைப்பேட்டை அருகே எனக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது, வீடு நான்கு கிலோமீட்டர் தள்ளி. ஓராண்டுக்குள் இருமுறை போர்வெல் மோட்டாரின் காப்பர் கேபிளை வெட்டிச் சென்றுவிட்டார்கள். சிசிடிவி வைக்க நிலையான மின்சாரம் இல்லாததால் டிரெயில் கேமரா வாங்கச் சொல்கிறார்கள். சில ஆண்டுகளாவது உழைக்க வேண்டுமானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: புலிகள் கணக்கெடுப்புக்காக ஆனைமலைக் காடுகளில் வனத்துறை கட்டிவைக்கும் தானியங்கி கேமராவும் நீங்கள் கேட்பதும் ஒரே இனம்தான். சிசிடிவி போல இது இடைவிடாமல் பதிவு செய்வதில்லை. உடல்வெப்பம் உள்ள ஏதாவது எதிரே நகர்ந்தால் மட்டும் விழித்து, படம் எடுத்துவிட்டு மறுபடி உறங்கிவிடும். அதனால் ஒரு கேமரா எத்தனை நாள் உழைக்கும் என்பது, அது எத்தனை முறை வீணாக விழிக்கிறது என்பதைப் பொறுத்தது. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் எண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்த எண்ணும் பெரும்பாலும் சிறிய சென்சார் எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெருக்கிக் காட்டுவதே.

தென்னந்தோப்பு இந்தக் கேமராவுக்குச் சற்றுச் சிரமமான இடம். இதிலுள்ள பிஐஆர் சென்சார் பின்னணிக்கும் நகரும் பொருளுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைத்தான் உணர்கிறது. காற்றில் மட்டை ஆடும்போது தரையில் நகரும் வெயில் திட்டுகளும் அதற்கு ஆள் நடமாட்டம் போலவே தெரியும். நான் முதன்முதலில் தென்னையில் கட்டிய கேமராவின் மெமரி கார்டு மூன்றே நாளில் நிறைந்துவிட்டது. திறந்து பார்த்தால் அத்தனையும் ஆடும் மட்டைகள். ஆகவே இயங்கும் நேரத்தை மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை என்று வரையறுக்கும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேபிள் திருட்டு இரவில் நடப்பதென்றால் இந்த ஓர் அமைப்பே பேட்டரியின் ஆயுளைக் கணிசமாகக் கூட்டும். சித்திரை வெயிலில் காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது சென்சார் எப்படியும் மந்தமாகிவிடும் என்பதால் பகலை விடுவதில் பெரிய இழப்பும் இல்லை. வீடியோவுக்குப் பதிலாக ஒரு விழிப்புக்கு மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வீடியோ எடுக்கும் நேரம் முழுவதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதுதான் பேட்டரியை உறிஞ்சுகிறது.

பெரும்பாலான மாடல்களில் எட்டு ஏஏ பேட்டரிகள் போட வேண்டும். சாதாரண ஆல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் நாளாக ஆகப் படிப்படியாக இறங்குவதால் இரவுப் படங்கள் மங்கத் தொடங்கும், வெப்பத்தில் கசிந்து உள்ளிருக்கும் தகடுகளையும் அரித்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் லித்தியம் ஏஏ பேட்டரி 1.5 வோல்ட்டைக் கடைசி வரை ஏறக்குறைய அப்படியே காக்கும். ஆனால் விலை அதிகம். என் பரிந்துரை, வெளியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் துளை உள்ள மாடல். மருந்து தெளிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பேட்டரி எந்த ஊரிலும் கிடைக்கும். அதை மூடிய டப்பாவில் வைத்து இணைத்துவிட்டால் அடிக்கடி ஓட வேண்டியதில்லை. சில கேமராக்களின் துளை 6 வோல்ட்டுக்கானது என்பதால் கையேட்டைப் பார்க்காமல் இணைக்காதீர்கள். சோலார் பலகையைத் தென்னை நிழலில் மாட்டுவது வீண். மோட்டார் கொட்டகையின் கூரைக்குக் கொண்டுபோக முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

இரவு வெளிச்சத்தில் இரு வகை உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு தொலைவு வரை எட்டும், ஆனால் எரியும்போது மங்கிய சிவப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு தெரியாது, எட்டும் தூரம் குறைவு. காட்டுப்பன்றியைப் பார்க்க முதலாவது போதும். திருடனைப் பார்க்க இரண்டாவதுதான் வேண்டும், இல்லையென்றால் கேபிளோடு கேமராவும் போய்விடும்.

படத்தை உடனே கைபேசிக்கு அனுப்பும் சிம் கார்டு மாடல் உங்களுக்குப் பொருத்தமானது, ஏனெனில் மறுநாள் மெமரி கார்டைக் கழற்றிப் பார்ப்பதால் கேபிள் திரும்பி வராது. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கான மாடலை உறவினர் மூலம் வரவழைக்காதீர்கள். ஜியோ தன் 4ஜி சேவையை 3, 5, 40 ஆகிய அலைவரிசைப் பட்டைகளில் தருகிறது. அமெரிக்க மாடல்களோ பெரும்பாலும் 2, 4, 12, 13 பட்டைகளை நம்பியவை, பல அந்நாட்டு நிறுவனங்களின் சந்தாவோடு பூட்டப்பட்டவை. தோப்பில் சிக்னல் பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு படத்தையும் அனுப்ப மோடம் திணறி பேட்டரியைத் தின்னும். வாங்குமுன், கேமராவில் போடப்போகும் அதே நிறுவன சிம்மைக் கைபேசியில் போட்டு, கேமரா கட்டப்போகும் இடத்திலேயே ஒரு படத்தை அனுப்பிப் பாருங்கள்.

பெட்டிக்குத் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரமாவது இருக்க வேண்டும். மழையைவிட நம் ஊரில் பெரிய எதிரி எறும்பு. கேமராவின் இளஞ்சூடு பிடித்துப்போய் அடிப்பக்கத் துளை வழியே நுழைந்து கூடு கட்டிவிடும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் முழுமையாகப் படிகிறதா என்று கடையிலேயே திறந்து மூடிப் பாருங்கள். எறும்பு ஏறாதபடி, கேமராவைக் கட்டும் பட்டையில் சிறிது கிரீஸ் தடவிவிடுங்கள்.

கேமராவைத் தென்னையில் ஆணி அடித்து மாட்டவே கூடாது. அந்தக் காயத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும்; கேபிளைக் காக்கப்போய் மரத்தை இழப்பீர்கள். ஆடாத வேலிக் கல்காலோ கொட்டகைச் சுவரோ நல்லது. வனத்துறை முழங்கால் உயரத்தில் கட்டுவது விலங்குக்காக. நீங்கள் எட்டு, ஒன்பது அடி உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கி, கிழக்கையும் மேற்கையும் பார்க்காதபடி கட்டுங்கள். நேராக எதிரே வரும் ஆளைவிடக் குறுக்கே நடப்பவரைச் சென்சார் எளிதில் பிடிக்கும். பணம் இருந்தால் இரண்டு வாங்குங்கள்: ஒன்று மோட்டாரைப் பார்க்கட்டும், மற்றொன்று இட்டேரியில் (வேலிகளுக்கு இடையே செல்லும் வண்டித்தடத்தில்) வண்டி திரும்பும் இடத்தை. வெட்டிய கேபிளை அப்படித்தான் கொண்டுபோக முடியும்.

வேலையாட்கள் குளிக்கும் தண்ணீர்த் தொட்டி படத்தில் விழக் கூடாது. ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். திருட்டு பதிவாகிவிட்டால் கார்டைக் கழற்றி, எதையும் அழிக்காமல், தனி உறையில் வையுங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய படத்தைவிட அந்த அசல் கார்டுதான் அப்போது கைகொடுக்கும். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள்; பல மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும்.